போச்சு சாரின் சின்னப் பலகை

எனக்கு எழுபத்தெட்டு வயது நடக்கிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒருத்தரையும் பட்டினி போட்டதில்லை, ஒருத்தர் பேரைச் சொல்லி இன்னொருத்தரைக் கூப்பிட்டதும் இல்லை. பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் எழுத்து எனக்கும் வேண்டியிருக்கவில்லை, எழுத்துக்கும் நான் வேண்டியிருக்கவில்லை. இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ஷாலினி எழுதுகிறாள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் அதற்காகச் சொல்லவில்லை. நான் சொல்ல வந்த மனிதரைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் இதெல்லாம் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மனிதரைப் போல மறப்பதற்கு உலகத்தில் இன்னொருவர் பிறக்கவில்லை. நம்மில் சிலர் குடையை மறப்போம், சிலர் செய்த உதவியை மறப்போம். அவர் மறப்பதையே உத்தியோகமாக வைத்திருந்தார். அதற்கென்று படித்து, பட்டம் வாங்கி, தெற்கே ஏதோ ஒரு காலேஜில் வாத்தியாராகி, அங்கே லீவு போட்டுவிட்டு எங்கள் ஊருக்கு வந்து, மாடியில் அறை எடுத்துத் தங்கி, நிம்மதியாக மறந்தார்.

எண்பதுகளின் ஆரம்பம். ஆம்பூரில் ரயில் ரோட்டுக்கு இந்தப் பக்கம், தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்குப் பின்னால் எங்கள் தெரு. மத்தியான வேளையில் அந்தத் தெரு பாதித் தூக்கத்திலேயே இருக்கும். தோல் வாசனை வெயிலோடு சேர்ந்து மெதுவாக வந்து மூக்கில் உட்காரும். வெளியூர்க்காரர்களுக்கு அது நாற்றம். எங்களுக்கு அது இல்லாத நாள் ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான். பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வாசல் பீடி சுற்றுவார்கள். ஷூ கம்பெனி லீவு நாளில் நானும் சுற்றுவேன். தூரத்தில் பாலாறு, தண்ணீரே இல்லாமல் வெறும் மணலாக, வானத்தைப் பார்த்துப் படுத்துக் கிடக்கும். அந்த மயக்கத்துக்குள்தான் ஒரு நாள் அவர் தகரப் பெட்டியோடு நடந்து வந்தார். ஒல்லியான உடம்பு, முழங்காலைத் தொடுகிற ஜிப்பா. மூக்குக் கண்ணாடி தொலைந்து போகாமல் இருக்க இரண்டு பக்கமும் கறுப்பு நூல் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். எங்கள் கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பக்கத் தோல், தைக்கிற அதே நூல். கடையில் கேட்டு வாங்கினாராம்.

அவர் பேர் என்னவென்று எனக்கு இன்று வரை தெரியாது. வந்த அன்றைக்கே சொன்னார். நாங்கள்தான் மறந்துவிட்டோம். அதற்குள் தெரு அவருக்கு வேறு பேர் வைத்துவிட்டது.

அது இப்படி நடந்தது. மளிகை வாங்கக் கிளம்பினார். கையில் பை இருந்தது, காகிதம் இல்லை. "பருப்பு, புளி, தீப்பெட்டி, மிளகாய், வெங்காயம்... பருப்பு, புளி, தீப்பெட்டி..." என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு, பானைத் தண்ணீர் தளும்பாமல் எடுத்துப் போவது போலத் தலையை ஆட்டாமல் நடந்து வந்தார். புது மனிதர், மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்போமே என்று நான்தான் வாசலில் இருந்து கேட்டேன்.

"இன்னா சார், கடைக்கா?"

அவர் நின்றார். கண்ணை மூடினார். வானத்தைப் பார்த்துக் கத்தினார். "போச்சு! எல்லாம் போச்சு!"

நான் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன். எதிர் வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்கள். யார் போய்விட்டார்கள், அம்மாவா அப்பாவா, தந்தி வந்ததா என்று பெண்கள் மாரில் கை வைத்துக்கொண்டு சுற்றி நின்றோம். மாடி வீட்டுச் சாச்சி, அவருக்கு அறை கொடுத்தவர், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்து, "அழுவாதீங்க சார், யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

"பருப்பு, புளி வரைக்கும் இருக்கும்மா. அதுக்கப்புறம் எல்லாம் போச்சு," என்றார் அவர்.

அன்றிலிருந்து அவர் போச்சு சார்.

சாச்சி விடுகிறவர் இல்லை. "படிச்ச மனுசன் ஒரு சீட்டுல எழுதிக்கினு போனா இன்னா? கை வலிக்குதா?" என்று கேட்டார். அதற்குத்தான் அவர் அந்தப் பெரிய விஷயத்தைச் சொன்னார். எழுதுவதற்குக் காகிதம் பேனா எல்லாம் மாடி அறையில் இருக்கிறதாம். தெருவுக்கு மட்டும் எடுத்து வர மாட்டாராம். எழுதாதவர்கள் இத்தனை பேர் எப்படிக் குடும்பம் நடத்துகிறோம், எதை எல்லாம் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறோம் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறாராம். அதனால் அவரும் எங்களைப் போலவே இருந்து பார்க்கப் போகிறாராம்.

"மனசுக்குள்ளே ரெண்டு இடம் இருக்கும்மா," என்றார். "ஒண்ணு குடோன். சின்ன வயசுல படிச்சது, ஊரு, உறவு எல்லாம் அங்கே கிடக்கும். இன்னொண்ணு சின்னப் பலகை. இந்த நிமிஷம் வேலை செய்ய வேண்டியதை மட்டும் எடுத்து வைக்கிற இடம். அதுல கொஞ்சம்தான் வைக்க முடியும். ஏழு வரைக்கும் தாங்கும்னு ஒரு பெரியவர் சொல்லியிருக்கார். ஏழே அதிகம், நாலுதான் இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். வாயால திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டே இருந்தா நிக்கும். நடுவிலே யாராவது பேசிட்டா, அவங்க பேச்சு வந்து பலகையில உட்கார்ந்து நம்மளதைத் தள்ளி விட்டுடும்."

"ஏழு!" என்று அவர் சத்தமாகச் சொல்லும்போதெல்லாம் என் நாலாவது பிள்ளை ஏழுமலை, "இன்னா சார் கூப்ட்டீங்களா?" என்று ஓடி வந்து நிற்பான். உடனே அவர், "போச்சு!" என்பார்.

எங்கள் ஊர் "இன்னா"வுக்கும் அவருக்கும் அப்படி ஒரு பகை. "என்னன்னு கேட்டா பாதிதான் போகுது. இன்னான்னு கேட்டா முழுசும் போயிடுதும்மா," என்று என்னிடம் வருத்தமாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் இன்னா இல்லாமல் எப்படிப் பேசுவது? நாங்கள் சும்மா இருந்தாலும் ஆட்டுக் குட்டி கத்துவதுகூட அவருக்கு இன்னா என்றே கேட்டது. அவர் எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் மாடிக்கு எடுத்துப் போய் எழுத வேண்டும். மாடிப்படி சாச்சி வீட்டுச் சமையல்கட்டை ஒட்டிப் போகிறது. அவர் முணுமுணுத்துக்கொண்டே பாதிப் படி ஏறும்போது சாச்சி ஜன்னல் வழியாக, "சார், டீ வெக்கட்டா?" என்பார். அவ்வளவுதான். அவருடைய ஆராய்ச்சி முக்கால்வாசியும் அந்தப் படிக்கட்டிலேயே கொட்டிப் போனது. சாச்சி தினமும் அதைப் பெருக்கித் தள்ளினார்.

மத்தியானங்களில் பீடி சுற்றுகிற பெண்களுக்கு நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்காருவார். சில வார்த்தைகளைச் சொல்வார், நாங்கள் வரிசை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"ஆடு, சாவி, குடம், மூக்கு, பாய்."

"எந்த பாய் சார்?" என்று கேட்டார் சாச்சி.

"படுக்கிற பாய்மா."

"அப்போ எங்க வூட்டு பாய்தான். எப்பப் பாரு படுத்துக்கினேதான் கெடக்கறாரு."

பெண்கள் சிரித்த சிரிப்பில் புகையிலைத் தூள் பறந்தது. உள்ளேயிருந்து சாச்சியின் வீட்டுக்காரர் இருமினார். போச்சு சார் எத்தனை பேர் எத்தனை வார்த்தை சொன்னார்கள் என்பதை மறந்துபோய் அவரும் சிரித்தார்.

இன்னொரு நாள் ஒரே மாதிரி ஒலிக்கிற வார்த்தைகளாகச் சொன்னார். "படி, இடி, அடி, மடி, தடி." ஆடு சாவியை எல்லாம் பட்டென்று சொன்னவர்கள் இதில் தடுக்கித் தடுக்கி விழுந்தோம். "படி, அடி, இடி, ஐயோ உன் தலையில இடி," என்று ஒருத்தி முறத்தாலேயே அவரைத் துரத்தினாள். அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "பார்த்தீங்களா, ஒரே சத்தம்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. பலகை காதாலதான் கேக்குது!" என்று முக்காலி மேலே ஏறி நின்றுவிட்டார். இப்போதும் மத்தியானத்தில் கண் அசந்தால் அந்தக் குரல்கள் வரும். வெயிலுக்குள் இருந்து, பீடி இலை சரசரப்புக்குள் இருந்து, ஆடு, சாவி, குடம் என்று ஒவ்வொன்றாக மிதந்து வரும். எங்கேயோ ஒரு ரயில் ஊதும். குடம் நிறையும்.

நல்ல மனிதர்தான், ஆனாலும் ஒரு கல்யாணத்தைக் கெடுத்தார். சாச்சியின் தங்கை மகள் கல்யாணம். மைதானத்தில் வரிசையாகத் தேக்சா என்கிற பெரிய அண்டாக்கள் வைத்துப் பிரியாணி. பிரியாணி மாஸ்டர் பேனா பிடிக்காத ஆள். எந்தத் தேக்சாவுக்கு உப்பு ஆயிற்று, எதற்கு இன்னும் ஆகவில்லை என்பதெல்லாம் தலைக்குள்ளேயே ஓடும். போச்சு சார் பக்தியோடு பக்கத்தில் போய் நின்று, மிகவும் பணிவாக ஒரு கேள்வி கேட்டார். "மாஸ்டர், இப்போ உங்க மனசிலே எத்தனை விஷயம் இருக்கு?"

மாஸ்டர் கரண்டியோடு திரும்பினார். வாயைத் திறந்தார். மூடினார். தேக்சாக்களைப் பார்த்தார். அத்தனையும் மூடி போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதது போல உட்கார்ந்திருந்தன.

"போச்சா?" என்று ஆசையாகக் கேட்டார் போச்சு சார்.

அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்ட தேக்சாவில் உப்பே இல்லை. பெண் வீட்டார் சாப்பிட்டதில் இரண்டு பங்கு. ஒரு பக்கம் உப்பு கேட்டும், மறுபக்கம் தண்ணீர் கேட்டும் ஒரே கூச்சல். மாஸ்டர் அவரைத் தேடிக்கொண்டு கரண்டியோடு ஓடினார். தெருவில் பெரிய மனிதர்கள் கூடி, இந்த ஆளைக் காலி பண்ணச் சொல் என்றார்கள். சாச்சிதான், "மறக்கறது ஒரு குத்தமாய்யா? நீங்க எல்லாம் உங்க நிக்காவுல குடுத்த வாக்கு ஒண்ணாச்சும் ஞாபகம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்.

அந்தச் சமயத்தில்தான் என் தலையில் இடி விழுந்தது.

நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தேன். பசை தடவுகிற மேஜையில் தொடங்கி, மிஷினுக்கு வந்து, என் கை சுத்தத்தைப் பார்த்து மேனேஜர் என்னை லைனுக்குப் பொறுப்பாகப் போட்டார். ஒரு வரிசை மிஷினும் அதில் உட்கார்ந்திருக்கிற பெண்களும் என் பேச்சைக் கேட்க வேண்டும். எழுத்துத் தெரியாத ஒருத்தியை லைனுக்குப் போட்டது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரருக்குத் தோல் ஷாப்பில் வேலை. அவர் மட்டும், "கைநாட்டுக்கு எதுக்குடி லைனு?" என்றார். "நான் கையெழுத்துப் போடறவ," என்றேன். அன்று அவருக்குக் குழம்பில் கறித் துண்டு வைக்கவில்லை.

காலையில் மேனேஜர் ஆபீஸ் அறையில் நின்றபடி அன்றைய வேலையைச் சொல்வார். எந்த நிறம், எந்த சைஸ், உள்ளே என்ன லைனிங், எது முன்னால், எது பின்னால். மற்ற லைன்காரர்கள் குறித்துக்கொள்வார்கள். நான் கேட்டுக்கொள்வேன். அப்படியே கம்பெனி முற்றத்தைத் தாண்டி என் லைனுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். வாயில் சொல்லிக்கொண்டே போனால் போய்விடலாம்தான். ஆனால் முற்றத்தின் நடுவில் வாட்ச்மேன் அண்ணன் உட்கார்ந்திருப்பார். ஆலங்காயத்துக்காரர். தங்கமான மனிதர். யார் போனாலும் விசாரிக்காமல் விட மாட்டார்.

"இன்னாம்மா, சாப்ட்டியா?"

பெரியவர் கேட்கும்போது பதில் சொல்லாமல் போக முடியுமா? "சாப்ட்டேன்ணா, நீ சாப்ட்டியா?" என்றேன். அவர் களி தின்றதைச் சொன்னார். பெண்ஜாதியின் மூட்டு வலியைச் சொன்னார். லைனுக்கு வந்து வாயைத் திறந்தபோது களியும் மூட்டு வலியும்தான் இருந்தன. தெரிந்தது போலவே சொன்னேன். கறுப்பு அப்பருக்கு பிரவுன் லைனிங் போட்டுத் தைத்துவிட்டார்கள். மத்தியானம் வரைக்கும் என் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு தையலைப் பிரித்தார்கள். ஒருத்தியும் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேனேஜர் கத்தவில்லை. "இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா பசை டேபிளுக்கே போய்டும்மா. எழுதத் தெரிஞ்ச பொண்ணா பார்த்துக்கறேன்," என்றார்.

மறுநாள் வாட்ச்மேன் அண்ணனைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். வேலை சரியாகத்தான் நடந்தது. சாயங்காலம் அவர், "லைன் வந்ததும் மண்டைக்கனமும் வந்துடுச்சு. இருக்கட்டும்மா, நல்லா இரு," என்றார். அந்த "நல்லா இரு" வீடு வரைக்கும் கூடவே வந்தது.

நேராக மாடி வீட்டு வாசலில் போய் நின்றேன். "சார், நீங்க வந்ததுலேர்ந்துதான் இந்த பேஜாரு. நல்லா இருந்த தலையெல்லாம் ஓட்டை ஆக்கிட்டீங்க," என்று சத்தம் போட்டேன். அவர் இறங்கி வந்து எல்லாவற்றையும் கேட்டார். வருத்தப்படுவார் என்று பார்த்தால், "அந்த வாட்ச்மேன் முதல்ல களியைச் சொன்னாரா, மூட்டு வலியைச் சொன்னாரா?" என்று கண் மின்னக் கேட்டார். அங்கே முறம் இல்லாததால் தப்பித்தார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கினார். அப்போதுதான் நான் கேட்டேன். வெகு நாளாக உள்ளே கிடந்த கேள்வி அது.

"சார், படிச்சவங்களுக்கு அந்தப் பலகை பெரிசா இருக்குமா?"

"இல்லம்மா," என்றார். "நானும் அப்படி ஏதாவது இருக்கும்னு நெனச்சுத்தான் வந்தேன். எழுதாதவங்களுக்குப் பெரிய பலகையா இருக்கும்னு நெனச்சேன். அதுவும் இல்லை. உங்க மேனேஜருக்கும் அதே பலகை, எனக்கும் அதே பலகை, உங்களுக்கும் அதே பலகை. ஒரு விரல் அளவு கூட வித்தியாசம் இல்லை. அவர் எழுதி வெச்சிடறார், அவ்வளவுதான்."

அதுவரைக்கும் என் தலை மற்றவர்கள் தலையைவிடச் சின்னது என்றுதான் நினைத்திருந்தேன். வெளியில் ஒருத்தருக்கும் காட்டிக்கொண்டதில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன்.

அவர் பின்னாலேயே வந்துவிட்டார். நான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். பெரிசுகள் மூன்றும் சுவரோரம், சிறிசுகள் மூன்றும் எதிர்ப்பக்கம். நான் பரிமாறிக்கொண்டே சாச்சியோடு ஜன்னல் வழியாகப் பேசினேன், வீட்டுக்காரரை ஏசினேன், தெருவில் போன கீரைக்காரியைக் கூப்பிட்டேன். போச்சு சார் வாசற்படியில் நின்று வாய் பிளந்து பார்த்தார்.

"யாருக்குக் குழம்பு போட்டாச்சு, யாருக்கு இல்லைன்னு எப்படிம்மா தெரியுது? இவ்வளவு பேசறீங்களே!"

"இதுல இன்னா சார் இருக்குது? உக்காந்துக்கினு இருக்குதுங்களே, தெரியாதா?"

"இல்லே, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க."

கண்ணை மூடினேன். ஆறும் உட்கார்ந்திருந்தன. சரோஜா, குமார், தேவி. எதிரில் ஏழுமலை, வசந்தா, பாபு. யார் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் அவர் வேண்டுமென்றே இன்னா, இன்னா, இன்னா என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கத்திப் பார்த்தார். பிள்ளைகள் அசையவில்லை.

"உக்காந்திருக்கு!" என்று துள்ளிக் குதித்தார். தலை நிலைப்படியில் இடித்தது. "பேச்சு வந்து பேச்சைத்தான்மா தள்ளும். இது பேச்சே இல்லை, பார்வை. இதுக்கு வேற இடம். அதுவும் ஆறு இல்லைம்மா இது, ஒரே மூட்டை! உங்களுக்கு ஆறு பேரும் சேர்ந்து ஒண்ணு!"

"ஒண்ணா? பெத்துப் பாருங்க, தெரியும்," என்றேன். ஆனால் அவர் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலை மேனேஜர் சொல்லத் தொடங்கினார். நான் கண்ணை ஒரு நொடி மூடி என் பிள்ளைகளை உட்கார வைத்தேன். "காலையில கறுப்பு," என்றார். சரோஜாவுக்குத் தட்டுக்குப் பதில் கறுப்புத் தோலைப் போட்டேன். "எட்டாம் சைஸு." குமார் முன்னால் எட்டுக் களி உருண்டை. "அடேய், இத்தினியாடா துன்னுவ?" என்று உள்ளுக்குள் திட்டினேன். "சாம்பல் லைனிங்." தேவி மடியில் சாம்பல் பூனை. "மத்தியானத்துக்கு மேல பிரவுன்." எதிரில் ஏழுமலை முகம் பூராவும் வெல்லப் பாகு. "அஞ்சாம் சைஸு." வசந்தா அஞ்சு விரலையும் விரித்து, எனக்கு, எனக்கு என்கிறாள். "மஞ்சள் லைனிங்." கடைக்குட்டி பாபு மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

அப்பாடா என்று திரும்பினேன்.

"ஆங், இன்னொண்ணு," என்றார் மேனேஜர். "பிரவுனுக்கு பிரவுன் நூல் இல்ல. கறுப்பு நூல்லயே ஓட்டச் சொல்லு."

பிள்ளைகள் தீர்ந்து போயிருந்தார்கள். ஏழாவதுக்கு நான் எங்கே போவேன்? ஒரு பிள்ளை கையில் இரண்டைக் கொடுத்தால் இரண்டும் கீழே போகும். மேனேஜர் அடுத்த லைன்காரரிடம் பேசத் தொடங்கிவிட்டார். அப்போது தானாகவே பாபுவுக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நீள ஜிப்பா, கண்ணாடி, கழுத்தில் கறுப்பு நூல். சோறு கேட்கிற முகம். சரி, நீங்களும் இருங்கள் சார் என்று இடம் விட்டேன்.

முற்றத்தில் இறங்கினேன். பார்த்தால் நிஜமாகவே கேட்டுக்கு வெளியே போச்சு சார் நிற்கிறார்! என்ன ஆகுமோ என்று மனசு கேட்காமல் வந்திருக்கிறார். வந்தவர் சும்மா இருக்காமல், கம்பிக்கு வெளியிலிருந்து வாட்ச்மேன் அண்ணனிடம் வாயைப் பொத்திக் காட்டுகிறார், என்னைக் காட்டுகிறார், தலையைத் தொட்டுக் காட்டுகிறார், கும்பிடுகிறார். பேசாதே என்று சொல்கிறாராம்.

வாட்ச்மேன் அண்ணன் எழுந்து நின்று முற்றமே அதிரக் கத்தினார். "யம்மா! ஊமை ஒருத்தர் வந்து நிக்கறாரும்மா! தலைவலின்றாரா, பல்வலின்றாரா, ஒண்ணும் வெளங்கல! உன்னத்தான் காட்டறாரு! இன்னா, சொந்தமா?"

சத்தம் கேட்டு ஆபீஸ் பையனிலிருந்து லாரி டிரைவர் வரைக்கும் கூடிவிட்டார்கள். ஒருத்தர் தண்ணீர் கொடுங்கள் என்கிறார். ஒருத்தர் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்கிறார். ஆளுக்கு ஒரு இன்னா. போச்சு சார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்து, கண்ணில் நீர் முட்ட நின்றார். தன்னால் என் வேலையே போயிற்று என்று நினைத்துவிட்டார்.

நான் நிதானமாக நடந்தேன். "ஊமை இல்லண்ணா, வாத்தியாரு. எங்க தெருதான்," என்றேன். "நீ சாப்ட்டியா? அண்ணிக்கு முட்டி எப்டி இருக்குது? நல்லெண்ணெ சூடு பண்ணித் தேய்ச்சு வுடு." வாட்ச்மேன் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. அவர் பதில் முழுவதையும் நின்று கேட்டேன். கண்ணுக்குப் பின்னால் என் பிள்ளைகள் தட்டுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கூட ஒரு ஆளும்.

லைனுக்கு வந்தேன். சரோஜாவில் தொடங்கி ஒவ்வொருத்தராகப் பார்த்துச் சொன்னேன். ஏழும் சொன்னேன். மிஷின்கள் ஓடத் தொடங்கின. அன்று சாயங்காலம் வரைக்கும் ஒரு தையல் பிரிக்கவில்லை.

மிஷின்கள் ஓடத் தொடங்கியதுமே நான் கேட்டுக்குத் திரும்பி வந்தபோது அவர் இன்னும் நின்றிருந்தார். "போச்சா?" என்றார்.

"போவல சார்."

"போகலை!" என்று கத்தினார். வாட்ச்மேன் அண்ணன் பயந்துபோய் எழுந்தார். "போகலை! போகலை!" என்று கத்திக்கொண்டே வெயிலில் எங்கள் தெரு வரைக்கும் ஓடினார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைத் தெரு அன்றுதான் கேட்டது.

சாயங்காலம் வந்து விவரமாகக் கேட்டார். யார் யாரிடம் எதைக் கொடுத்தேன் என்று சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். "ஆறு பேருக்கு ஆறு. கறுப்பு நூல்? அதை எங்கே வெச்சீங்க?"

"உங்க கழுத்துல சார். பாபு பக்கத்துல உங்களை உக்கார வெச்சேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அது கறுப்பு நூலில் தொங்கியது. துடைக்க ஜிப்பா நுனியைத் தேடினார், அது அகப்படவில்லை. அவருக்கு அம்மா அப்பா இல்லை, ஹாஸ்டல் ஹாஸ்டலாக வளர்ந்தவர் என்பது சாச்சி சொல்லிப் பிற்பாடுதான் எனக்குத் தெரியும். "சாப்பாட்டு வரிசையிலா?" என்று மட்டும் கேட்டார். பிறகு படியேறிப் போனார். சாச்சி அன்று டீ வைக்கட்டுமா என்று கேட்கவில்லை.

மழைக்காலம் வருவதற்கு முன்னால் லீவு முடிந்து கிளம்பினார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, பேர் என்ன என்று கேட்டார். இத்தனை நாள் பழகியும் அப்போதுதான் கேட்டார். பேரைக் கேட்டதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்து, அடுத்த வாசலுக்குப் போனார். தெருக் கோடிக்குப் போவதற்குள் வாயில் ஒரு தெருவே இருந்தது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தலையை ஆட்டாமல், முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். போய் வாருங்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அழுகிற பிள்ளை வாயைப் பொத்தினோம். கீரைக்காரிக்குச் சைகை காட்டினோம். பிரியாணி மாஸ்டர் சைக்கிளை விட்டு இறங்கி, மணியைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படி ஒரு அமைதியை எங்கள் தெரு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. காலை வெயிலில் அவர் ஜிப்பா மட்டும் வெள்ளையாகக் கொஞ்ச தூரம் தெரிந்தது. நாங்கள் மூச்சுக்கூட விடவில்லை. விட்டால் அவர் வாயிலிருந்து நாங்கள் விழுந்துவிடுவோம்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாங்கள் தாங்கினோமா, கண்டக்டர் இன்னா சார் என்று கேட்டதும் கொட்டிப் போனோமா, தெரியாது. அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

நான் வேலையை விட்டு நிற்கும்வரை லைனில்தான் இருந்தேன். இப்போது எனக்கும் மறதி வந்துவிட்டது. உள்ளே போய் எதற்கு வந்தேன் என்று நிற்கிறேன். போச்சு என்று சொல்லிக்கொண்டு சிரிப்பேன். பிள்ளைகள் சென்னை, ஓசூர் என்று ஆளுக்கு ஒரு பக்கம். ஆனால் மத்தியானத்தில் கண்ணை மூடினால் ஆறும் வரிசையாக வந்து உட்காருகின்றன. அன்றைக்கு இருந்த அதே வயசு. பாபுவுக்குப் பக்கத்தில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். நான் அவருக்கும் சோறு போடுகிறேன்.

எழுதினது போதும் ஷாலினி. இப்போ மொதல்லேர்ந்து படிச்சுக் காட்டு. மெதுவா படி. நடுவுல நான் இன்னான்னு கேட்டா நிறுத்தாதே கண்ணு, அவரு பாவம்.